நீண்ட பட்டியலா, நிறைந்த உணவா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

சென்ற ஆண்டு நமது கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் நடைபெற்றது. 'உயர்தர உணவகங்கள் தங்கள் உணவுப் பட்டியலை விரிவாக்க வேண்டுமா, வேண்டாமா?' என்பது தலைப்பு. அதைக் கேட்டதும் அரங்கில் எழுந்த சிரிப்பொலி அடங்கச் சிறிது நேரமாயிற்று. காரணம் உங்களுக்குத் தெரியும். நமது விடுதியில் உணவுப் பட்டியல் என்று ஒன்று கிடையாது, கிழமைதான் பட்டியல். திங்கள் என்றால் சாம்பார், செவ்வாய் என்றால் காரக்குழம்பு, ஞாயிறு என்றால் கோழி. அதுவும் வரிசையில் முன்னால் நிற்பவனுக்கு. இப்படிப்பட்ட நமக்கு உயர்தர உணவகத்தைப் பற்றி என்ன கவலை என்று நண்பர்கள் கேலி பேசினர்.

நான் 'விரிவாக்க வேண்டும்' என்ற அணியில் பேசினேன். எங்கள் அணியே வென்றது. சிறந்த பேச்சாளருக்குரிய பரிசாக ஓர் எவர்சில்வர் தூக்குவாளியும் எனக்குக் கிடைத்தது. இன்று அதே பொருள் பற்றி, அன்று பேசியதற்கு நேர் எதிராக எழுத முற்படுகிறேன். இடையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் கருத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் அது நாணயமாகாது. ஆகவே இரண்டையும் சொல்லுகிறேன்.

அன்று நான் பேசியது

வரலாற்று மாணவன் ஆகையால் வரலாற்றிலிருந்தே தொடங்கினேன். ஐரோப்பாவில் உணவகம் என்று இன்று நாம் அழைக்கும் நிறுவனம், பாரிஸ் நகரில் 1760-களில் தோன்றியது. அதற்கு முன்பு, வெளியூர் சென்ற ஒருவன் சத்திரத்தின் பொது மேசையில், குறித்த நேரத்தில், முன்பின் தெரியாதவர்களோடு அமர்ந்து, வைத்ததை உண்ண வேண்டும். விலை ஒன்று, உணவும் ஒன்று. நேரம் தவறியவனுக்குப் பசியே உணவு. புதிதாக வந்த உணவகமோ அவனுக்குத் தனி மேசை தந்தது. வேண்டிய நேரத்தில் வரலாம் என்றது. ஓர் அச்சிட்ட பட்டியலை அவன் கையில் கொடுத்து, 'உமக்கு வேண்டியதை நீரே சொல்லும்' என்றது. 1789-ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன்பே பிறந்து, அதன் பின்னர் இவ்வுணவகங்கள் பாரிஸில் பெருகின.

உணவு பற்றி எழுதிப் புகழ்பெற்ற பிரியா-சவரேன் என்னும் பிரெஞ்சு நீதிபதி, 1825-இல் வெளிவந்த தம் நூலில், முதல்தர உணவகத்துக்குச் செல்பவன் எவற்றையெல்லாம் தேர்ந்துகொள்ளலாம் என்று கணக்கிட்டுள்ளார். சூப்பு 12 வகை, மீன் 24 வகை, இறுதியில் உண்ணும் இனிப்பும் பழமும் 50 வகை என அக்கணக்கு நீளுகிறது. இதைச் சொல்லி, 'மன்னனின் சமையற்கூடம் குடிமகனுக்குத் திறந்துவிடப்பட்டது. பட்டியல் நீள நீளக் குடியாட்சியும் வளர்ந்தது' என்று நான் முழங்கியபோது கைதட்டல் கிடைத்தது. 'ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பவனுக்கு நாலே நாலு உணவைக் காட்டி, இதில் ஒன்றைத் தின்று போ என்பது என்ன நியாயம்?' என்று கேட்டபோது இன்னும் பலமாகக் கிடைத்தது.

இவ்வாதத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நான் பட்டியலை மேசைப் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்தேன். அடுப்படிப் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை.

நாற்பது நாள் பாடம்

கோடை விடுமுறையில் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் உணவகத்தில் நாற்பது நாட்கள் எடுபிடி வேலை பார்த்தேன். எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் அங்கே சரக்கு மாஸ்டராக இருந்தார். அவர் வழியாகக் கிடைத்த வேலை. வெங்காயம் உரிப்பது, பாத்திரம் துடைப்பது, டப்பாக்களில் தேதி எழுதி ஒட்டிக் குளிர்ப்பெட்டியில் அடுக்குவது ஆகியவை என் பணிகள்.

அவ்வுணவகத்தின் மெனு கார்டு தோல் அட்டை போட்டது. நம் வருகைப் பதிவேட்டைப் போல் கனமாக இருக்கும். ஒருநாள் பொழுது போகாமல் எண்ணிப் பார்த்தேன். 164 உணவுகள். வட இந்திய உணவு, சீன உணவு, இத்தாலிய உணவு, நம்மூர் உணவு எல்லாம் உண்டு. பட்டிமன்ற மேடையில் நான் வேண்டிய சொர்க்கம் இதுதான் என்று மகிழ்ந்தேன். மகிழ்ச்சி ஒரு வாரம் நீடித்தது.

நாள்தோறும் வருவோர் கேட்பது பெரும்பாலும் அதே முப்பது உணவுகளைத்தான். ஆனால் மீதமுள்ளவற்றை யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. ஆகவே அவற்றுக்கும் நறுக்கி வைக்க வேண்டும். அரைத்து வைக்க வேண்டும். பாதி வேகவைத்து வைக்க வேண்டும். மீன் உறைபெட்டியில் கல்லாகக் கிடக்கும். அப்படி வைத்தது இரண்டு மூன்று நாட்களில் என் கையாலேயே குப்பைத் தொட்டிக்குப் போகும். நான் தேதி எழுதி ஒட்டிய டப்பாவை நானே திறந்து கொட்டிய நாட்கள் பல.

இன்னொன்றையும் கண்டேன். வெங்காயமும் தக்காளியும் சேர்ந்த சிவப்புக் குழம்பு ஒன்று, முந்திரி அரைத்த வெள்ளைக் குழம்பு ஒன்று, கீரைக் குழம்பு ஒன்று ஆகிய மூன்றும் பெரிய அண்டாக்களில் தயாராக இருக்கும். கேட்கும் உணவுக்கு ஏற்ப ஒரு கரண்டி இதிலிருந்து, அரைக் கரண்டி அதிலிருந்து. மேலே கொஞ்சம் வெண்ணெய், கொஞ்சம் கொத்தமல்லி. பட்டியலில் முப்பது பெயர். அடுப்பில் மூன்று குழம்பு. இது அந்த ஓர் ஓட்டலின் குற்றமன்று. நூற்றுக்கு மேற்பட்ட உணவுகளை, கேட்ட இருபது நிமிடத்தில் தர வேண்டும் என்றால் வேறு வழியே இல்லை. 'அண்ணே, இத்தனை அயிட்டம் எதுக்கு?' என்று மாஸ்டரைக் கேட்டேன். அவர் கரண்டியை நிறுத்தாமலே சொன்னார்: 'தம்பி, கார்டு நீளமா இருந்தா பிரிட்ஜும் நீளமா இருக்கணும். அவ்வளவுதான் வித்தியாசம்.'

இதுவே நான் கற்ற முதற்பாடம். நீண்ட பட்டியல் என்பது நிறைய உணவு அன்று, நிறையச் சேமிப்பு.

பிரெஞ்சுக்காரர்களே கண்டுகொண்டது

ஊர் திரும்பியதும் நமது நூலகத்தில் தேடிப் படித்தேன். நான் மேடையில் புகழ்ந்த பிரெஞ்சுக்காரர்களே என் வாதத்தைக் கைவிட்டு நெடுநாளாயிற்று என்பது அப்போதுதான் தெரிந்தது.

பழைய நீண்ட பட்டியல்கள் எப்படிச் சாத்தியமாயின? ஆள்பலத்தால். எஸ்காஃபியே என்னும் பேர்பெற்ற சமையற்கலைஞர் 1890-இல் லண்டன் சவாய் ஓட்டலின் சமையற்கூடத்துக்குத் தலைமை ஏற்றார். படையணியைப் போல, குழம்புக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர், அவர்களுக்குக் கீழே உதவியாளர்கள் என்று வேலையைப் பிரித்து ஒழுங்கு செய்தவர் அவர். 1903-இல் அவர் வெளியிட்ட சமையல் நூலில் ஏறத்தாழ 5,000 செய்முறைகள் உள்ளன. அத்தனைக்கும் அடிப்படையாக, எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும் சில குழம்புகள். குறைந்த கூலிக்கு நிறையக் கைகள் கிடைத்த காலம் அது. கூலி உயர்ந்து கைகள் குறைந்தபோது பட்டியல் மட்டும் குறையவில்லை. கைகளின் இடத்தை உறைபெட்டி பிடித்துக்கொண்டது.

1973-இல் ஆன்ரி கோ, கிறிஸ்டியான் மியோ என்ற இரு பத்திரிகையாளர்கள், பிரெஞ்சுச் சமையலில் புதிய போக்குக்கு உரிய பத்துக் கட்டளைகளை வெளியிட்டனர். அளவுக்கு மீறி வேகவைக்காதே, புதிய நல்ல பொருளையே பயன்படுத்து என்பவற்றோடு, பட்டியலைச் சுருக்கு என்பதும் அவற்றுள் ஒன்று. இம்மூன்றும் உண்மையில் ஒரே கட்டளைதான் என்பது அடுப்படியில் நின்றவனுக்கு விளங்கும். பட்டியல் சுருங்கினாலன்றிப் பொருள் புதிதாக இராது. போல் போக்யூஸ் என்ற சமையற்கலைஞர், காலையில் சந்தைக்குப் போ, அங்கே நன்றாக இருப்பதை வாங்கு, அதைச் சமை என்ற நெறியைப் பரப்பினார். முதலில் பட்டியலை அச்சிட்டுவிட்டு அதற்குப் பொருள் தேடுவது ஒரு முறை. முதலில் பொருளைப் பார்த்துவிட்டு அதற்குப் பட்டியல் எழுதுவது மற்றொரு முறை. இரண்டாவதே உயர்தரம் என்ற சொல்லுக்குப் பொருந்தும்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. தில்லியில் 1970-களின் இறுதியில் தொடங்கப்பட்ட புகாரா என்னும் உணவகம், தந்தூரி அடுப்பை மையமாகக் கொண்ட ஒரு சிறு பட்டியலைப் பல பத்தாண்டுகளாகப் பெரிதும் மாற்றாமலே உலகத் தலைவர்களுக்கெல்லாம் பரிமாறி வந்திருக்கிறது. பட்டியல் குறுகியது என்று யாரும் எழுந்து போனதாகத் தெரியவில்லை.

தோசைக்கு ஏன் விலக்கு?

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். 'நம்மூர்ச் சிற்றுண்டிச் சாலையில் சாதா தோசை, ரவா தோசை, வெங்காய ஊத்தப்பம், பொடி தோசை என்று பலகை நிறைய எழுதியிருக்கிறதே? அங்கே சுவை குறைந்தா போயிற்று?' நல்ல கேள்வி. அங்கே பெரும்பாலான பெயர்களுக்குப் பின்னால் இருப்பது அன்று காலை பொங்கிய ஒரே மாவு. அது மாலைக்குள் தீர்ந்துவிடும். சீன உணவகத்தின் நீண்ட பட்டியலும் இத்தகையதே. நறுக்கிய அதே காய்கள், கொழுந்துவிட்டெரியும் அதே அடுப்பு, சில நிமிடச் சமையல். ஆகவே எண்ணிக்கை தானாகக் குற்றமாகாது. ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பொருளும் தனிப் பக்குவமும் வேண்டியிருக்கும் இடத்தில்தான் அது குற்றமாகிறது. மேலும், தோசைக் கடைக்காரர் எல்லாம் ஒரே மாவுதான் என்பதை மறைப்பதில்லை. அதற்கேற்ற விலையே வாங்குகிறார். உயர்தர உணவகமோ ஒவ்வோர் உணவும் தனித்தன்மை உடையது என்று சொல்லி அதற்குத்தான் விலை வாங்குகிறது. ஒரே குழம்புக்குப் பத்துப் பெயர் சூட்டிப் பத்து விலை வைப்பது அங்கே வணிகத் திறமை ஆகாது. வாக்குத் தவறுதல் ஆகும்.

அம்மா கேட்ட கேள்வி

முதற் சம்பளம் வாங்கியதும் ஊரிலிருந்து அம்மாவை வரவழைத்தேன். அம்மா எங்கள் ஊர்ச் சத்துணவுக் கூடத்தில் சமையலர். வாழ்நாளெல்லாம் பிறருக்குச் சமைத்தவரை ஒரு வேளையாவது உட்காரவைத்து உயர்ந்த உணவு வாங்கித் தரவேண்டும் என்பது என் ஆசை. நான் வேலை பார்த்த இடத்தைத் தவிர்த்து வேறோர் உணவகத்துக்கு அழைத்துச் சென்றேன்.

அங்கும் கனமான கார்டு. அம்மா அதை வாங்கிப் புரட்டினார். அவர் கண் இடப்பக்கத்துப் பெயர்களில் நிற்கவே இல்லை. வலப்பக்கத்து விலைகளில் மேலிருந்து கீழாக ஓடிற்று. ஐந்து நிமிடம் கழித்து, இருப்பதிலேயே விலை குறைந்த சூப்பைக் காட்டி, 'இது போதும் தம்பி, எனக்குப் பசியில்ல' என்றார். காலையில் பேருந்தில் ஏறியவர். பகல் உணவு உண்ணாதவர். பசியில்லை என்பது பொய் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பிறகு கார்டை மூடிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார்: 'ஏம்ப்பா, இதெல்லாம் எப்ப சமைச்சது?'

நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் காலையில் உலை வைத்து, நண்பகலில் சூடாகப் பரிமாறி, பிற்பகலில் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பவர் அவர். ஒரே நேரத்தில் இத்தனை உணவு புதிதாக இருக்க முடியாது என்பதை அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். எனக்கு நாற்பது நாட்கள் ஆயின. பட்டிமன்ற நடுவராக அன்று அம்மா இருந்திருந்தால் எனக்குத் தூக்குவாளி கிடைத்திராது.

நீண்ட பட்டியல் எளியவர்களுக்கு விடுதலை தருகிறது என்று நான் பேசினேன். உண்மையில் அது பழகியவர்களுக்கே துணை செய்கிறது. முதன்முறை உள்ளே வருபவர் பெயர் புரியாமல், கேட்கக் கூசி, விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். அமெரிக்காவில் ஷீனா அய்யங்கார், மார்க் லெப்பர் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. ஒரு கடையில் 24 வகை ஜாம்களை வைத்தபோது நின்று பார்த்தவர்களில் நூற்றுக்கு 3 பேரே வாங்கினர்; 6 வகை மட்டும் வைத்தபோது நூற்றுக்கு 30 பேர் வாங்கினர். எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்வதற்கில்லை. ஐம்பது சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வு, இவ்விளைவு சராசரியில் ஏறக்குறைய இல்லை என்றே கூறிற்று. தனக்கு வேண்டியது இன்னதென்று அறிந்து வருபவனை நீண்ட பட்டியல் குழப்பாது. அறியாமல் வருபவரைக் குழப்பும் என்பதற்கு என் அம்மாவின் சூப்புக் கிண்ணமே எனக்குப் போதுமான சான்று.

மறுகோடியும் வேண்டாம்

இதனால் பட்டியலே வேண்டாம் என்று சொல்வேன் என எண்ண வேண்டா. இன்று உலகின் பேர்பெற்ற உணவகங்கள் பலவற்றில் அந்நிலை வந்துவிட்டது. ஸ்பெயினில் ஃபெரான் அட்ரியா நடத்தி 2011-இல் மூடிய எல் புல்லி உணவகத்தில், சமையற்கலைஞர் முடிவு செய்த முப்பதுக்கு மேற்பட்ட சிறு சிறு உணவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதைப் பார்த்துப் பலரும் அவ்வழி சென்றனர். புதுமைக்கும் கைத்திறனுக்கும் அது உயர்ந்த மேடைதான், மறுக்கவில்லை. ஆனால் உண்பவன் அங்கே விருந்தாளியா, தேர்வுக்கூடத்து மாணவனா? மூன்று நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். வந்ததை உண்ண வேண்டும். கொஞ்சமாக உண்பவனும் முழு விலை தர வேண்டும். சர்க்கரை நோயுள்ளவர், சைவர், முதியவர் என்ன செய்வது? 1760-க்கு முந்திய சத்திரத்துப் பொது மேசைக்கே, பட்டு விரித்து, நாம் திரும்பிவிட்டோம் போலும்!

இரு கோடிகளுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. கலிபோர்னியாவில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற அம்மையார் 1971-இல் ஷே பனீஸ் என்னும் உணவகத்தைத் தொடங்கினார். அன்றன்று கிடைத்த பொருளைக்கொண்டு, நாளுக்கு ஒரே விருந்து, ஒரே விலை. 1980-இல் அதே கட்டடத்தின் மாடியில், வேண்டியதைத் தேர்ந்து உண்ணும்படியான சிறு பட்டியலோடு இன்னொரு பகுதியைத் திறந்தார். கீழே சமையற்காரரின் விருப்பம். மேலே உண்பவரின் விருப்பம். இரண்டுக்கும் அடிப்படை அன்றைய விளைபொருள். தேர்வுரிமையைத் தருவதற்கு நூறு உணவு தேவையில்லை என்பதை இது காட்டுகிறது.

என் கருத்து

ஆகவே உயர்தர உணவகங்கள் பட்டியலை நீட்டக்கூடாது, சுருக்க வேண்டும், ஆனால் சுருக்கிய பட்டியலில் உண்மையான தேர்வு இருக்க வேண்டும். தொடக்கம், நடு, இறுதி ஆகிய ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கைந்து உணவு போதும். ஒவ்வொரு கட்டத்திலும் சைவர் மனங்குளிர உண்ணத்தக்க ஒன்றேனும், அசைவத்திலிருந்து கறியை எடுத்துவிட்டது போலன்றி, அதற்கென்றே சமைத்ததாக இருக்க வேண்டும். கொஞ்சமாக உண்பவருக்குப் பாதி அளவும் பாதி விலையும் வேண்டும். பெயரை மட்டும் எழுதாமல், அதில் என்ன இருக்கிறது என்று எளிய சொற்களில் எழுத வேண்டும். பருவத்துக்குப் பருவம் பட்டியல் மாற வேண்டும். எத்தனை உணவு என்பதை முதலாளியின் ஆசை முடிவு செய்யக்கூடாது. அன்று காலை வந்த பொருளும், அடுப்படியில் நிற்கும் கைகளும் முடிவு செய்ய வேண்டும். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் உண்பவனுக்கு வற்புறுத்திய அளவறிதல், சமைப்பவனுக்கும் பொருந்துமன்றோ?

இதில் நாவின் சுவை மட்டும் அடங்கியிருக்கவில்லை. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் சுமார் 29 கோடி டன் உணவகங்கள் போன்ற உணவு வழங்கும் இடங்களில் வீணானது. எல்லாவற்றுக்கும் நீண்ட பட்டியலே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாரும் கேட்காத உணவுக்காகக் காத்திருந்த டப்பாக்களைக் கொட்டிய கை என்னுடையது. சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்குப் பரிமாறும் கை என் அம்மாவுடையது. இரண்டும் ஒரே வீட்டுக் கைகள் என்பதை எண்ணும்போது எனக்கு உறக்கம் வருவதில்லை.

நம்மில் பலர் நாளை அதிகாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் ஆகி, அத்தகைய உணவகங்களுக்கு விருந்தினராகச் செல்லலாம். சிலர் அங்கேயே பணிபுரியவும் கூடும். கனமான கார்டைக் கையில் வாங்கும்போது அதன் கனத்தைக் கண்டு மயங்க வேண்டா. பரிமாற வருபவரிடம், 'இன்று வந்தது எது? இன்று சமைத்தது எது?' என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அக்கேள்விக்கு எளிதில் விடை சொல்லும் உணவகமே உயர்தர உணவகம்.

பரிசாகப் பெற்ற தூக்குவாளியில்தான் இப்போது அம்மா வேலைக்குப் போகும்போது மோர் எடுத்துச் செல்கிறார். தீர்ப்பை மாற்றி அதைத் திருப்பித் தரச்சொல்ல வேண்டாம் என்று அன்றைய நடுவராயிருந்த பேராசிரியர் ஐயாவைப் பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறேன்.